வீராணத்தின் வண்டல் கணக்கு

வீராணம் ஏரியைப் பற்றி நாளிதழில் எந்தச் செய்தி வந்தாலும் இரண்டு எண்கள் கூடவே வந்துவிடும்: முழு நீர்மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. இவற்றோடு மூன்றாவது எண் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் குறைவு. ஏரியின் பாசனப் பரப்பு ஏறக்குறைய 45,000 ஏக்கர். விளிம்பு தட்ட நிரம்பிய ஏரியை அந்த வயல்கள் முழுக்கப் பரப்பினால் நிற்கும் தண்ணீர் ஒன்பது அங்குலம்தான். ஒரு சம்பாப் பயிர் நாற்றங்காலிலிருந்து அறுவடை வரை ஏறத்தாழ நான்கு அடித் தண்ணீர் கேட்கும். ஐப்பசி, கார்த்திகை மழை தன் பங்கைப் பெய்துவிட்டுப் போனாலும், மீதியை ஒரு தடவை நிரம்பிய ஏரி தந்துவிட முடியாது. ஒரு போகத்துக்குள் அது பலமுறை நிரம்பவும் பலமுறை வடியவும் வேண்டும். ஆகவே வீராணத்தைத் தண்ணீர் சேர்த்துவைக்கும் தொட்டியாக மட்டும் படிக்கும் வரலாறு பாதி வரலாறுதான். கட்டியவர்கள் அதைத் தண்ணீர் கடந்துபோகும் வழியாகத்தான் கட்டினார்கள். அந்த வழியே தண்ணீரோடு வெயிலில் விளைந்த பாசியும் மீனும் சேறும் போயின. கால்நடைகளின் வயிற்றில் ஏறிச் சாணமாகத் திரும்பி வந்தன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் இந்த ஏரி தூர்ந்து மேடாகிவிடாமல் நின்றதற்கு மன்னர்களைவிட வயல்களின் பசி பெரிய காரணம். அந்தப் பசி வேறோர் இடத்திலிருந்து தீர்க்கப்பட்ட பிறகுதான் ஏரி வெறும் தொட்டியானது. இந்த வாதத்துக்கு என்ன ஆதாரம் உண்டு, எங்கே அது இடறுகிறது என்பதைப் பார்க்கலாம்.

ஏரி பராந்தக சோழன் (907–955) காலத்தது. அவனுடைய விருதுப்பெயர்களில் ஒன்றான வீரநாராயணன் என்பதே ஏரிக்கும் ஊருக்கும் ஏறியது. இன்றைய காட்டுமன்னார்கோயில் அன்றைய வீரநாராயணபுரம். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளும் அவருடைய பேரர் ஆளவந்தாரும் பிறந்த ஊர். இராட்டிரகூடர் படையெடுப்பை எதிர்பார்த்துத் திருமுனைப்பாடி நாட்டில் காத்திருந்த இளவரசன் இராஜாதித்தன், வேலையில்லாமல் இருந்த படைவீரர்களைக் கொண்டு ஏரியை வெட்டுவித்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவன் 949இல் தக்கோலத்துப் போர்க்களத்தில் மாண்டான். கல்கி பொன்னியின் செல்வனை இந்த ஏரிக்கரையில், ஓர் ஆடிப்பெருக்கு நாளில் தொடங்கியதால் தமிழ் வாசகர் பெரும்பாலோருக்கு ஏரியைப் பற்றித் தெரிந்தது அதை வெட்டிய இந்தக் கதை மட்டுமே. வெட்டியது ஒரு சில ஆண்டு வேலையாக இருந்திருக்கும். வைத்துக் காப்பாற்றியது ஆயிரம் ஆண்டு வேலை. அதைப் பற்றி அறிய வேண்டுமானால் இதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைத்தான் பார்க்க வேண்டும். 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய அக்கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தக் குடவோலை யாரைத் தேர்ந்தெடுத்தது என்றால், ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும். ஏரிக்கென்று நிலம் விடப்பட்டது, பொன் வைக்கப்பட்டது, அந்த வட்டியில் ஆண்டுதோறும் தூர்வார ஏற்பாடு இருந்தது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கு வாங்கப்பட்ட பாசிப்பாட்டம் என்ற வரியும் இடைக்காலக் கல்வெட்டுகளில் வருகிறது. பல இடங்களில் அந்த வருமானம் ஏரியின் பராமரிப்புக்கே திரும்பியது. மீன் விற்ற காசில் கரை அடைபட்டது என்று சொன்னால் மிகையில்லை.

ஓர் ஏரியை உயிர்களின் தொகுப்பாகப் பார்க்கும் வழக்கம் மேற்கத்திய அறிவியலில் மிகவும் பிந்தி வந்தது. அமெரிக்காவின் இல்லினாயைச் சேர்ந்த ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் 1887இல் ஏரியைத் தன்னளவில் முழுமையான சிற்றுலகம் என்று எழுதினார். சூழல்மண்டலம் என்ற கருத்துக்கு 1935இல் டான்ஸ்லி பெயர் வைத்தார். மின்னசோட்டாவில் சீடர் பாக் என்ற சதுப்பு ஏரியில் பல ஆண்டுகள் சேற்றையும் பாசியையும் பூச்சியையும் எடைபோட்ட ரேமண்ட் லிண்ட்மன், அந்த ஏரிக்குள் நடப்பதை எல்லாம் ஒரே அலகில், அதாவது ஆற்றலின் கணக்கில் எழுதலாம் என்று காட்டினார். அளவுக்கு மீறிய கோட்பாடு என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்ட அவருடைய கட்டுரை 1942இல் வெளிவந்தது. அச்சாவதற்குள் 26 வயதில் அவர் இறந்துபோனார். அவர் நிறுவியது எளிமையானது: வெயிலைப் பாசி பிடிக்கிறது, பாசியைச் சிற்றுயிர் தின்கிறது, சிற்றுயிரைக் கெண்டையும், கெண்டையை விராலும், விராலை நாரையும் தின்கின்றன; ஒவ்வொரு படியிலும் பெரும்பங்கு வெப்பமாகத் தொலைந்து, சுமார் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்கு ஏறுகிறது. தொலைந்த ஆற்றல் திரும்பாது. தழைச்சத்தும் மணிச்சத்தும் வேறு வகை. அவை செத்த உடலிலும் எச்சத்திலும் சேற்றிலும் தங்கி மறுபடி பயன்படக் காத்திருக்கும். ஏரியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு போதும். வெயில் ஆண்டுதோறும் இலவசமாக வரும். சத்துக்கள் அப்படி வருவதில்லை, அவற்றை யாராவது சேற்றிலிருந்து எடுத்து மேலே கொண்டுவர வேண்டும். நீளம் பதினாறு கிலோமீட்டர் அளவுக்கும், அகலம் சில இடங்களில் ஐந்து கிலோமீட்டர் வரைக்கும் விரிந்த வீராணத்துக்கு அந்தப் பரப்புக்கு ஏற்ற ஆழம் கிடையாது. பொறியாளர் இதைக் குறை என்பார், ஆவியாதல் அதிகம் என்று சொல்வார். உயிர்களுக்கு அதுவே வசதி: வெயில் அடி வரைக்கும் இறங்கும், பாசி அடி வரைக்கும் விளையும்.

பழைய ஆண்டுச் சுழற்சியைப் பார்த்தால், ஒவ்வொரு மாதத்திலும் யாரோ ஒருவர் மற்றொருவர் விட்டதை எடுத்துக்கொள்வதைக் காணலாம். ஆடியில் கொள்ளிடத்துச் செந்நீர் வடவாறு வழியாக ஏரிக்கு வரும். மதகு திறந்ததும் தண்ணீரோடு கெண்டையும் கெளுத்தியும் வாய்க்காலில் இறங்கி வயலுக்குள் புகுந்து முட்டையிடும். நெற்பயிரின் நிழலில் குஞ்சுகள் புழுவையும் கொசுப்புழுவையும் தின்று வளரும். கார்த்திகை, மார்கழியில் வடிகால் ஓரங்களில் பறி வைப்பதும், தேங்கிய குட்டைகளில் ஊத்தா போட்டுப் பிடிப்பதும் நிலமில்லாத வீடுகளுக்கு முக்கியமான புரதம். அந்த மீனுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரி இல்லை. வயலில் நின்ற தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்தது. நெல் வயல் எருவே இல்லாமல் நூற்றாண்டுக் கணக்கில் ஏதோ ஓரளவு விளைந்துகொண்டே இருப்பது எப்படி என்ற புதிருக்கு 1939இல் பி. கே. டே சொன்ன விடை இதுதான். தையில் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நெல் நிற்கும்போதே, மெழுகுபோல் இருக்கும் சேற்றில் உளுந்தையோ பச்சைப்பயறையோ தெளித்துவிடுவார்கள். அறுக்க இறங்கும் ஆட்களின் கால்பட்டு விதை சேற்றில் அழுந்தும். பிறகு உழவில்லை, நீர்ப்பாய்ச்சல் இல்லை. பனியிலும் மண்ணில் மிச்சமிருந்த ஈரத்திலும் பயறு விளைந்து, வேரில் தழைச்சத்தை விட்டுவிட்டுப் போகும். அறுத்த தாளடியில் சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்க வாத்துக் கூட்டங்கள் வரும். மாசி, பங்குனியில் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிவந்து வயலில் கிடை போடுவார்கள்; ஒரு ராத்திரிக்கு இத்தனை என்று நிலத்துக்காரர் நெல்லாகவோ பணமாகவோ கொடுப்பார். ஆட்டுக்குத் தீனி, நிலத்துக்கு எரு, கீதாரிக்குக் கூலி. சித்திரையில் ஏரி வற்றினால் அதன் தரையில் கோரையும் புல்லும் முளைக்கும், ஊர் மாடெல்லாம் அங்கே நிற்கும். அந்த வற்றல்தான் சுழற்சியின் மையம். நீருக்கடியில் காற்றில்லாமல் கிடந்த சேறு வெயிலில் வெடித்துக் காற்றைக் குடிக்கும்போது அழுகாமல் கிடந்தவை அழுகும். அடுத்த வெள்ளம் அதன்மேல் ஏறும்போது கட்டுண்டிருந்த சத்து தண்ணீரில் கரையும். வற்றிய தரையிலிருந்து மாட்டு வண்டிகளில் வண்டல் ஏறியதும் அதே வாரங்களில்தான்.

இங்கே ஒரு கேள்வி எழும். வீராணத்துக்குக் கீழே உள்ள வயல்கள் ஏற்கெனவே கனத்த களிமண். களிமண்ணுக்குமேல் இன்னும் களியைக் கொண்டுபோய்க் கொட்ட யார் மெனக்கெட்டிருப்பார்கள்? கேள்வி நியாயமானது, வாதத்தைத் திருத்தவும் செய்கிறது. வண்டியில் போன வண்டல் பெரும்பாலும் மேட்டு நிலத்துக்கும், மேற்கே ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண் கொல்லைகளுக்கும், லால்பேட்டை வட்டாரத்துக் கொடிக்கால்களுக்கும், வீட்டுத் திண்ணைக்கும், செங்கலுக்கும் போயிருக்கும். தாழ்ந்த வயலுக்குச் சேறு போன வழி வேறு. அது தண்ணீரோடு போனது. சோழ, பாண்டிய நாட்டு ஏரிகளில் கட்டப்பட்ட குமிழித் தூம்பில் மேலே நீரோடித் துளையும் தரையை ஒட்டிச் சேறோடித் துளையும் தனித்தனியாக இருக்கும். தூம்பைத் திறந்தால் நீரின் இழுப்பில் அடிச்சேறு கலங்கிச் சேறோடி வழியாக வாய்க்காலுக்கு வரும். சேறு வேண்டாத ஒன்று என்று நினைத்தவன் அதை வயலுக்கு அனுப்ப ஒரு துளையைச் செதுக்கியிருக்க மாட்டான். இதே அறிவு வேறு வடிவில் வேடந்தாங்கலில் இருந்தது. அங்கே கூடு கட்டும் பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு நல்லது என்பதைக் கண்ட குடியானவர்கள், 1790களில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேசிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கிக்கொண்டார்கள். பறவைமேல் இருந்த பரிவும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் கடலும் கழனியும் சுற்றி மீன் தின்றுவிட்டு வரும் நாரை, பத்து மைல் சுற்றளவுச் சத்தை ஒரு மரத்தடியில் கொண்டுவந்து கொட்டுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து வரும் மறுப்பு இதைவிடக் கடுமையானது. இப்படிப் பேசுவதெல்லாம் பழம்பெருமை, குடிமராமத்து என்பது ஊர் கூடி மகிழ்ந்து செய்த வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை என்பார்கள். சான்றும் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டின் முதல் சட்டமே கட்டாய உழைப்புச் சட்டம்தான். கரை உடையும் நேரத்தில் கூப்பிட்டு வராதவர்களுக்குத் தண்டனை விதித்தது. தானாக வந்திருந்தால் சட்டம் எதற்கு? வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் எந்தத் தெருவிலிருந்து போனார்கள், கரையில் நின்று கணக்கெழுதியவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டேவிட் மாஸ் 2003இல் வெளியிட்ட நூலில், தென்மாவட்டக் கண்மாய்களை ஆராய்ந்து, தன்னாட்சியான ஊர்ப் பராமரிப்பு என்ற சித்திரத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளின் கற்பனைக்கும் பங்குண்டு என்று காட்டினார். இதை ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஏரி வேலையில் இரண்டு வகை உண்டு. கரையைக் காப்பது பொதுக் காரியம்; தனக்கு நேரடி லாபம் தெரியாததால் ஒவ்வொருவரும் மற்றவர் செய்யட்டும் என்று பார்ப்பார்கள், ஆகவே அதற்கு வாரியமும் அறக்கட்டளையும் சட்டமும் தேவைப்பட்டன. வண்டல் எடுப்பது சொந்தக் காரியம். தன் கொல்லைக்கு எரு வேண்டியவன் தன் வண்டியைத் தானே ஓட்டிப்போனான், அல்லது தன் ஆளை அனுப்பினான். அதற்குச் சட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஏரியின் உயிரைக் காத்தது ஊர் ஒற்றுமை என்று நான் சொல்லவில்லை. எருப் பஞ்சம் என்றே சொல்கிறேன். இந்தியா முழுக்கச் சுற்றிவிட்டு 1893இல் அறிக்கை எழுதிய ஜான் வோல்க்கர், விறகு இல்லாத குறையால் சாணத்தை வறட்டி தட்டி எரித்துவிடுகிறார்கள், நிலத்துக்கு எரு போவதில்லை என்று வருந்தினார். சாணம் அடுப்புக்குப் போன வீட்டில் ஏரிச் சேற்றுக்கு மதிப்பு கூடியிருக்கும். இத்தனைக்கும் ஏரி முழுவதுமாகச் சுத்தமாக இருந்துவிடவில்லை. வந்த மண் எடுத்த மண்ணைவிட எப்போதும் அதிகம்தான். மேடாவது மெதுவாக நடந்தது என்பதுதான் பழைய ஏற்பாட்டின் சாதனை, அதற்குமேல் உரிமை கொண்டாட முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாற்றங்கள் வீராணத்துக்குக் கெடுதல் செய்தன என்று சொல்வதற்கில்லை. கொள்ளிடம் காவிரியின் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து ஆழமாகிக்கொண்டே போனதால் வடவாற்றுத் தலைப்பில் நீர் ஏறுவது கடினமாகியிருந்தது. ஆர்தர் காட்டன் 1836இல் அணைக்கரையில் கீழணையைக் கட்டியதும் வடவாற்றில் மறுபடி நீர் நம்பகமாக வந்தது. பெரிய மாற்றம் 1934இல், இருநூறு கிலோமீட்டர் தள்ளி நடந்தது. மேட்டூர் அணை காவிரி வெள்ளத்தோடு அதன் வண்டலையும் பிடித்து நிறுத்தியது. கீழே வந்தது தெளிந்த நீர். இன்று வீராணத்தில் சேரும் மண்ணில் கணிசமான பங்கு மேற்கிலிருந்து செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் மழைக்காலத்தில் அரித்துக் கொண்டுவருவது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் இலைமக்கு சேர்ந்த ஆற்று வண்டலும், காடழிந்த செம்மண் மேட்டிலிருந்து அரித்து வந்த மண்ணும் ஒன்றாகாது. ஏரியை மேடாக்குவதில் மட்டும் இரண்டும் ஒன்றே.

ஆனாலும் எருப் பஞ்சம் இருந்தவரை சுழற்சி ஏதோ ஒரு வகையில் நடந்தது. அதை நிறுத்தியது காட்டுமன்னார்கோயிலுக்கு வடக்கே, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் நெய்வேலி. பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கியது. 1960களில் அங்கே யூரியாத் தொழிற்சாலையும் வந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெயிலைக் குடித்துப் புதைந்த மரங்களின் ஆற்றலைக் கொண்டு காற்றின் தழைச்சத்தை வெள்ளைக் குருணையாக்கி மூட்டை கட்டினார்கள். வரலாற்றில் முதல்முறையாக இந்த வட்டாரத்து வயல், அந்த ஆண்டு வெயிலையும் அந்த ஏரிச் சேற்றையும் நம்பாமல் விளைய முடிந்தது. பிறகு நெய்வேலித் தொழிற்சாலை மூடப்பட்டது, மூட்டை வேறு ஊர்களிலிருந்து வந்தது, கடலைத் தாண்டியும் வந்தது, வழக்கம் நிலைத்துவிட்டது. கூடவே நெல்லும் மாறியது. பழைய சம்பா ரகங்கள் இடுப்புக்குமேல் வளர்ந்தவை. நிலத்துக்கு மேலே விளைந்த எடையில் மூன்றில் ஒரு பங்குதான் நெல், மீதி வைக்கோல். 1966இல் வந்த ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்களில் நெல் ஏறத்தாழப் பாதி. இதை விளைச்சல் பெருக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஆற்றல் கணக்கில் பார்த்தால் மாட்டின் பங்கு மனிதனுக்கு மாற்றப்பட்டது. மனிதன் தின்ன முடியாத வைக்கோலைத் தின்று உழவும் சாணமும் பாலும் தந்த மாட்டுக்குத் தீனி குறைந்தது, டிராக்டர் வந்தது, மாடு போனது, மாட்டோடு வண்டியும் போனது. வண்டி இல்லாத ஊரில் வண்டல் ஏது? எண்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகள் அடுத்த கண்ணியை அறுத்தன. வயலில் மீனும் நண்டும் மிதந்தன. நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியைத் தின்ற சிலந்தி செத்தது, புகையான் பெருகியது. பூச்சி தின்னும் தவளையை வெளிநாட்டு உணவு மேசைக்கு ஏற்றுமதி செய்து டாலர் சம்பாதித்த நாடு 1987இல்தான் அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

பசித்த நாட்டில் யூரியா வந்தது தவறா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். 1965, 66ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுதக் கூடாது. ஏரிச் சேற்றையும் கிடையையும் மட்டும் நம்பி விளைந்த பழைய நெல் இன்றைய மக்கள்தொகைக்குச் சோறு போட்டிருக்காது. அந்தக் காலத்தில் வயலில் உழைத்தவர்களுக்கே அது வயிறாரப் போடவில்லை. வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. யூரியா வந்தபோது ஏரிக்கு என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை, ஏனென்றால் ஏரி பொதுப்பணித் துறையின் பொருள், எரு வேளாண்மைத் துறையின் பொருள். சேறு இரண்டுக்கும் இடையில் விழுந்தது. நேற்றுவரை ஆள் தேடிவந்து எடுத்துப்போன பண்டம், இன்று அரசு காசு செலவழித்து அப்புறப்படுத்த வேண்டிய குப்பையானது. எடுக்கப்படாத சத்து ஏரியிலேயே கிடந்து வேறு பயிரை வளர்த்தது: தண்ணீரில் ஆகாயத்தாமரை, கரையோரத்தில் நெய்வேலி காட்டாமணக்கு, வறண்ட மேட்டில் சீமைக்கருவேலம். மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை, மூன்றையும் ஆடு மாடு விரும்பித் தின்பதில்லை. சீமைக்கருவேலத்தின் காயை மட்டும் தின்று விதையைப் பரப்பிவிடும். இந்த மூன்றும் வெயிலைப் பிடிக்கின்றன, யாருக்கும் கொடுப்பதில்லை. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டையும், பின்னால் திருட்டுத்தனமாகப் பெருகிய ஆப்பிரிக்கக் கெளுத்தியும் உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்தன.

இந்த நிலையில் சென்னை வந்தது. 1960களின் இறுதியில் தொடங்கிய முதல் வீராணம் திட்டம் சாலையோரம் கிடந்த ராட்சதக் குழாய்களோடு நின்றுபோனது. 2004இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறி, சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையம் வழியாக நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் சென்னைக்குப் போகத் தொடங்கியது. வண்டல் ஏறிக் கொள்ளளவு ஒரு டி.எம்.சி.க்கும் (ஆயிரம் மில்லியன் கன அடி) கீழே போயிருந்த ஏரிக்குத் திட்டம் கண்ட மருந்து, மட்டத்தை 45.50 அடியிலிருந்து 47.50 அடிக்கு உயர்த்துவது. அடியில் சேர்ந்ததை எடுக்காமல் மேலே இரண்டு அடி கூட்டினால் காகிதத்தில் பழைய கொள்ளளவு திரும்பிவிடும். தண்ணீர் மட்டும் மேற்கே உள்ள ஊர்களின் வயலை நோக்கி இன்னும் கொஞ்சம் நகரும். நாளுக்கு 18 கோடி லிட்டர் என்பது ஆண்டுக்கு 2.3 டி.எம்.சி. அதாவது நிரம்பிய ஏரியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். குடிநீரை மறுக்க முடியாது. தாகத்துக்கு முன்னால் நெல்லின் உரிமையைப் பேசுவது அழகுமல்ல. ஆனால் சென்னைக்கு ஏரியில் தண்ணீர் மிகவும் தேவைப்படும் மாதங்கள் சித்திரையும் வைகாசியும். சுழற்சிக்கு ஏரி வற்ற வேண்டிய மாதங்களும் அவையே. இந்த முரணைப் பற்றித் திட்டத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அதிகம் பேசவில்லை. இரு தரப்பும் கன அடியில்தான் சண்டை போட்டன. வயலுக்குப் போகும் தண்ணீர் வடிகாலிலும் கான்சாகிப் வாய்க்காலிலும் வெள்ளாற்றிலும் இறங்கிப் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டு இறாலுக்குத் தீனியாகும் சத்தைக் கொண்டுபோகிறது. குழாய் வழியே சென்னைக்குப் போகும் தண்ணீர், குடித்துக் கழித்தபின் பக்கிங்காம் கால்வாயில் முடிகிறது. அங்கிருந்து திரும்பி வருவது ஒன்றுமில்லை.

அறுந்த கண்ணிகளை மறுபடி கோக்க முடியாது என்றும் சொல்வதற்கில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தார் வயலில் அகழி வெட்டி மீன் விட்டு, பயிருக்குமேல் கம்பிக்கூண்டில் கோழி வளர்த்து, கோழியெச்சம் தண்ணீரில் விழுந்து பாசியாகி மீனாகும்படி ஒரு நெல்–மீன்–கோழி முறையை உருவாக்கி, உழவர் வயல்களில் நடத்திக் காட்டினார்கள். வயலுக்குள் அது பலித்தது. ஏரிக்குள் அதற்கு இணையான முயற்சி இல்லை. வண்டலைப் பொறுத்தவரை, அரசாணைகளுக்குக் குறைவில்லை. 1959ஆம் ஆண்டின் சிறுகனிம விதிகளின்கீழ் ஏரி மண் என்பது அனுமதி பெற்று எடுக்க வேண்டிய கனிமம். அந்த அனுமதியை எளிதாக்கி 2017இலும், மறுபடி 2024இலும் உழவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஏரி வற்றிச் சென்னைக்குத் தண்ணீர் அனுப்ப முடியாத ஆண்டுகள் எப்படியும் வரத்தான் செய்கின்றன. அந்த ஆண்டுகளில் தரை திறந்து கிடக்கிறது. மண் இலவசம், அனுமதி இலவசம். பொக்லைன் வாடகையும் டிப்பர் வாடகையும் டீசலும் இலவசம் கிடையாது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கடையில் கிடைக்கிறது, அதன் உண்மை விலையில் பெரும்பங்கை அரசு மானியமாகக் கட்டுகிறது. ஒரு லோடு வண்டலை வாழக்கொல்லைக்கோ லால்பேட்டைக்கோ கொண்டுசேர்க்க எந்த மானியமும் இல்லை. கொல்லைக்கு மண் வேண்டியவர் இந்த இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்; செங்கல் சூளைக்காரர் பார்க்க வேண்டியது ஒரு விலைதான். அதனால்தான் ஏரி திறந்ததும் முதல் டிப்பர் சூளைக்குப் போகிறது.